சுகமான கோழிய அடுத்த ஏலத்துல விக்கலாமா?

வத்தளையில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். நீளமான கடிதம், சுருக்கித் தாறன்:

"வணக்கம் டொக்டர். ஒபிஸ் முடிஞ்சு வந்தா எனக்கு கோழி தான் உலகம். ரெண்டு வருஷமா மொட்டை மாடியில பிரம்மா, சில்கி, நீல கொச்சின் எண்டு 23 கோழி வளர்த்தன். போன மாசம் முதல் தடவையா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு எட்டு கோழி கொண்டு போனன். என்ட ஆக நல்ல பிரம்மா சேவலும் ரெண்டு பேடும் நல்ல விலைக்கு போச்சு, ரெண்டு கொச்சின் அரை விலைக்கு போச்சு, மூண்டு சில்கி விலைப்படாம திரும்பி வந்துட்டு. அண்டைக்கு பின்னேரமே பழைய கூட்டுக்குள்ள விட்டுட்டன். எட்டு நாளையால ஒண்டு தும்மத் தொடங்கிச்சு, கண்ணுல நுரை, பிறகு பதினொரு கோழிக்கு பரவி ரெண்டு செத்துட்டு. தீன் கடைக்காரர் ஒரு அன்டிபயோட்டிக் பவுடர் தந்தார், அதுல குறைஞ்சு வருது. அடுத்த ஏலம் மூண்டு கிழமையில வருது, அதுக்குள்ள சுகமானா இதுகள விக்கலாமா? இன்னொண்டு, நீல ஜோடி எண்டு வாங்கின கொச்சின்ல இருந்து கறுப்பும் வெள்ளையும் பொரிச்சிருக்கு, ஏமாத்திட்டாங்களா? லண்டன்ல அண்ணா இருக்கிறார், அங்க அபூர்வ இன கோழி ஏலம் நிறைய நடக்குதாம், அவர் வரும்போது பேக்ல முட்டை கொண்டு வரலாமா? கடைசியா, மகளின்ட சில்கி 'பஞ்சு'வுக்கும் இந்த வருத்தம். கொல்ல வேணுமா டொக்டர், மகள் சாப்பிடாம இருக்கிறா."

தம்பி, முதல் கேள்விக்கு முதல்ல பதில். விக்காதீங்க. மூண்டு கிழமையில இல்ல, மூண்டு மாசத்துல கூட விக்காதீங்க, என்ன வருத்தம் எண்டு டெஸ்ட் பண்ணி தெரியிற வரைக்கும் உங்கட மாடியில இருந்து ஒரு கோழியோ ஒரு முட்டையோ வெளிய போகக்கூடாது. நீங்க கெட்ட நோக்கத்துல கேக்கல்ல எண்டு கடிதத்துலயே விளங்குது, கெட்ட நோக்கம் உள்ள ஆள் என்னட்ட கேக்காமலே வித்திருப்பார்.

நீங்க எழுதினத வைச்சு பாத்தா, எட்டு நாள் கழிச்சு தொடங்கினது, கண்ணுல நுரை, மெதுமெதுவா ஒண்டுல இருந்து ஒண்டுக்கு பரவினது, இதெல்லாம் மைக்கோபிளாஸ்மா எண்டு சொல்ற கிருமியின்ட குணம் மாதிரி இருக்கு. அது உடம்புக்குள்ள போய் ஆறு நாள்ல இருந்து மூண்டு கிழமைக்குள்ள தான் பெரும்பாலும் வெளிய காட்டும். கொரைசா எண்டு இன்னொரு சளி வருத்தம் இருக்கு, அது ஒண்டு ரெண்டு மூண்டு நாள்லயே முகத்தை வீங்க வைச்சிடும், மூக்குல இருந்து வாற சளி சரியா நாறும். ரெண்டும் சேந்தும் வரும். கோழிகள கூட்டமா கொல்லுற வைரஸ் வருத்தம் ரானிக்கெட், அதுவும் இல்ல எண்டு கடிதத்தை பாத்து நான் சொல்ல ஏலாது, செத்த ரெண்டும் கழுத்து திரும்பி, பச்சையா கழிஞ்சு செத்துச்சா எண்டு நீங்க எழுதல்ல, அத கட்டாயம் யோசிச்சு சொல்லுங்க, ஏனெண்டா அது வேற கதை, அதுக்கு அரச கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேணும்.

இப்ப முக்கியமான விஷயம். மைக்கோபிளாஸ்மா வந்த கோழி மருந்துல தும்மல் நிப்பாட்டும், தீன் தின்னும், கொண்டை சிவக்கும், பாக்க தங்கமா இருக்கும், ஆனா கிருமி அதுக்குள்ள சாகும் வரைக்கும் இருக்கலாம். டைலோசின் மாதிரி அன்டிபயோட்டிக் மருந்துகள் வருத்தத்தை அடக்கும், கிருமிய முழுசா துடைச்சு எடுக்காது. கொரைசாவும் அப்படித்தான், சுகமான கோழி கிருமிய காவிக்கொண்டு திரியும். அந்தக் கோழி பெட்டியில அடைபட்டு, வெயில்ல ஒரு மணித்தியாலம் ஓட்டோவுல போய், தெரியாத ஆக்கள் கையில தூக்கி தூக்கி பாத்து, பயந்து களைச்சா, அந்த நேரம் தான் கிருமி திரும்ப தலை தூக்கும், பக்கத்து கூட்டுல நிக்கிற கோழி மேல தும்மும். உங்கட மூண்டு சில்கியும் அண்டைக்கு அப்படி ஒரு கோழிக்கு பக்கத்துல தான் நிண்டிருக்க வேணும். இல்லாட்டி, இதையும் நேர்மையா சொல்ல வேணும், வருத்தம் உங்கட மாடியில ஏற்கனவே சத்தமில்லாம இருந்து, ஏலத்து களைப்புல வெளிய வந்திருக்கவும் ஏலும். எது எண்டு இப்ப கண்டுபிடிக்க ஏலாது. அதால அண்டைக்கு உங்கட்ட அஞ்சு கோழி வாங்கின ஆக்களுக்கு போன் எடுத்து சொல்லுங்க. கஷ்டம் தான். காசு திருப்பிக் கேப்பாங்க, ஏசுவாங்க. சொல்லுங்க. அவங்க வீட்டுலயும் இருபது கோழி இருக்கும், அங்கயும் ஒரு பிள்ளையின்ட கோழி இருக்கும்.

ஒரு வேலை இண்டைக்கு இரவே செய்யுங்க. ஒன்பது மணிக்கு பிறகு, கோழி எல்லாம் ஏறி படுத்து அடங்கின பிறகு, லைட் போடாம கூட்டுக்கு பக்கத்துல போய் அசையாம அஞ்சு நிமிஷம் நில்லுங்க. பகல்ல கொக்கரிப்புல ஒண்டும் கேக்காது. இருட்டுல தான் கேக்கும், மூச்சு இழுக்கும்போது ஒரு மெல்லிய கறகற, ஷொப்பிங் பேக்க கைக்குள்ள கசக்கிற மாதிரி, இடைக்கிடை ஒரு சின்ன 'ச்சிக்' எண்டு தும்மல். எந்த மூலையில இருந்து வருது எண்டு குறிச்சுக்கொண்டு, டோர்ச் அடிச்சு அந்த கோழிய எடுத்து, நெஞ்சை உங்கட காதுல வைச்சு கேளுங்க. கடைக்காரரின்ட பவுடர் வேலை செய்துட்டு எண்டு நீங்க நினைக்கிற எத்தனை கோழி இன்னும் உள்ளுக்க இரையுது எண்டு அப்ப விளங்கும்.

அந்த பவுடரைப் பத்தியும் ஒரு வார்த்தை. எந்தக் கிருமி எண்டு தெரியாம, எத்தனை லீட்டர் தண்ணிக்கு எவ்வளவு எண்டு தெரியாம, மூண்டு நாள் குடுத்து கொஞ்சம் குறைஞ்சதும் நிப்பாட்டுறது தான் நான் கிளினிக்ல ஆகக்கூடுதலா பாக்கிற பிழை. மருந்து கேக்காத கிருமி அப்படித்தான் உருவாகுது. பக்கெட்ட எடுத்து வைச்சு பெயர படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. மருந்து குடுக்கிற நாளும், முடிஞ்ச பிறகு லேபல்ல எழுதியிருக்கிற நாள் வரைக்கும் அந்த முட்டைய வீட்டுலயும் சாப்பிட வேணாம், பிள்ளைக்கு குடுக்கவே வேணாம்.

டெஸ்ட் பெரிய விஷயம் இல்ல. செட்டைக்கு கீழ உள்ள நரம்புல கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதுல இருந்து பிரிக்கிற தெளிஞ்ச நீர்ல ஒரு சொட்டை வெள்ளைத் தட்டுல வைச்சு, நிறம் போட்ட மருந்து ஒரு சொட்டு கலந்து ஆட்டினா, ஒரு ரெண்டு நிமிஷத்துல அது தயிர் திரையிற மாதிரி சின்ன சின்ன கட்டியா பிரியுதா இல்லையா எண்டு கண்ணாலேயே பாக்கலாம். வெள்ளைக்கழிச்சல் எண்டு குஞ்சுகள கொல்லுற புல்லோரம் கிருமிக்கும் இதே மாதிரி டெஸ்ட் தான். உங்கட பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துல முதல் கேளுங்க, பேராதனை கன்னொறுவையில இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் சாம்பிள் அனுப்ப அவங்களுக்கு வழி தெரியும். இனி ஒரு கோழி செத்தா புதைக்காதீங்க, ஒரு பேக்ல கட்டி பிரிட்ஜ்ல கீழ் தட்டுல வைச்சு அண்டைக்கோ அடுத்த நாளோ கொண்டு வாங்க, ப்ரீசர்ல போட வேணாம், உறைஞ்சா உள்ளுக்க பாக்குறதுக்கு ஒண்டும் மிஞ்சாது.

சரி, வருத்தம் ஒரு பக்கம். உங்கட கடிதத்துல என்னை அதைவிட கவலைப்படுத்தின வரி ஒண்டு இருக்கு, நீங்க அதை சந்தோஷமா எழுதியிருக்கிறீங்க. "என்ட ஆக நல்ல பிரம்மா சேவலும் ரெண்டு பேடும் நல்ல விலைக்கு போச்சு."

ஏன் தம்பி அதுகள வித்தீங்க?

கொழும்புல புதுசா இனக்கோழி வளர்க்கிற ஆக்கள் பத்துல எட்டு பேர் இதைத்தான் செய்யுறாங்க எண்டு எனக்கு தோணுது. ஏலத்துல விலை கேக்கும்போது கை தட்டல் மாதிரி ஒரு மயக்கம் வரும், ஆக வடிவான கோழிக்கு தான் ஆகக்கூட விலை, அதை குடுத்துட்டு மிச்சத்தோட வீட்டுக்கு வாறாங்க. அடுத்த வருஷம் அந்த மிச்சத்துல இருந்து தான் குஞ்சு. அதுல நல்லத திரும்ப விக்கிறாங்க. மூண்டு தலைமுறை போக, பிரம்மா எண்ட பேர் இருக்கும், ஆனா உடம்பு நாட்டுக்கோழி அளவுக்கு வந்திருக்கும், கால்ல இறகு அங்கொண்டும் இங்கொண்டும், கொண்டை ஒற்றைக் கொண்டையா நிமிர்ந்து நிக்கும். பிரம்மாவுக்கு கொண்டை தலையோட ஒட்டி மூண்டு வரி மேடா இருக்கணும், பட்டாணி கொண்டை எண்டு சொல்றது, அது ஒற்றைக் கொண்டையா வந்தா வேற ரத்தம் கலந்திருக்கு எண்டு தான் சந்தேகம். ஆக நல்லது உங்கட வீட்டுல நிக்க வேணும். ரெண்டாவது நல்லது ஏலத்துக்கு போகட்டும், அதுவும் குறை இல்லாத கோழி தான், வாங்குற ஆள் சந்தோஷப்படுவார். குறை உள்ளது கறிக்கு, இல்லாட்டி முட்டைக்கு மட்டும் வளர்க்கிற ஆளுக்கு அப்படியே சொல்லி குடுக்கிறது. இந்த வரிசைய மாத்தினா நீங்க வளர்க்கிற ஆள் இல்ல, சேர்த்து வைச்சதை வித்து முடிக்கிற ஆள்.

இன்னொண்டு, பிரம்மா மெதுவா வளர்ற இனம். பேடு முட்டை போட ஏழு எட்டு மாசம் எடுக்கும், சேவல் முழு உடம்பு எடுக்க ஒண்டரை வருஷம் கூட போகும். நாலு மாசத்துல எது நல்லது எண்டு ஒரு ஆளாலயும் அடிச்சு சொல்ல ஏலாது. அப்ப ஒல்லியா கால் நீண்டு அசிங்கமா நிக்கிறது தான் பல தடவை பிறகு பெரிய சேவலா வாறது. அவசரப்பட்டு அதை வித்துட்டு சின்ன வயசுலயே உருண்டு திரண்டு இருந்ததை வைச்சுக்கொண்டு ஏமாந்த ஆக்கள நான் பாத்திருக்கிறன். சில்கியில இன்னும் மோசம், அஞ்சு ஆறு மாசம் போனாலும் சேவலா பேடா எண்டு மயக்கம் இருக்கும், அதை சின்னதுலயே 'ஜோடி' எண்டு சொல்லி விக்காதீங்க, பிரிக்காத குஞ்சு எண்டு சொல்லி விலைய குறைச்சு குடுங்க, வாங்கின ஆள் அடுத்த தடவையும் உங்கட்ட வருவார்.

இப்ப நீல கொச்சினுக்கு வாறன். உங்கள ஆரும் ஏமாத்தல்ல. நீலம் எண்டது கோழியில நிலையான நிறம் இல்ல. கறுப்பை வெளிற வைக்கிற ஒரு மரபணு இருக்கு, அது ஒண்டு இருந்தா கறுப்பு நீலமா தெரியும், ரெண்டு இருந்தா இன்னும் வெளிறி வெள்ளையில சாம்பல் புள்ளி தெறிச்ச மாதிரி வரும், ஸ்பிளாஷ் எண்டு சொல்லுவாங்க, நீங்க வெள்ளை எண்டு எழுதினது அதுவாத்தான் இருக்கும், கிட்ட போய் இறகை விரிச்சு பாருங்க. நீலத்துக்கு நீலத்தை விட்டா சராசரியா நாலு குஞ்சுல ரெண்டு நீலம், ஒண்டு கறுப்பு, ஒண்டு ஸ்பிளாஷ். கறுப்பும் ஸ்பிளாஷும் ரெண்டும் பொரிச்சிருக்கு எண்டா தாயும் தகப்பனும் ரெண்டும் உண்மையான நீலம் எண்டு அர்த்தம், ஒண்டு பொய் நீலமா இருந்தா ஸ்பிளாஷ் வந்தே இருக்காது. அந்த கறுப்பையும் ஸ்பிளாஷையும் தள்ளி விடாதீங்க, வளர்த்து அதுகள் ரெண்டையும் சேத்தா குஞ்சு அத்தனையும் நீலம். நீங்க அரை விலைக்கு குடுத்த ரெண்டு கொச்சினும் அதுகள் தானோ எண்டு எனக்கு ஒரு பயம் இருக்கு.

ஆனா ஒரு கேள்வி, பகல்ல எல்லா கோழியும் மாடியில ஒண்டா தான் மேயுதா? கடிதத்துல "பின்னேரம் அந்தந்த கூட்டுக்குள்ள பிரிச்சு விடுவன்" எண்டு எழுதியிருக்கிறீங்க. அப்பிடியெண்டா உங்கட்ட பொரிக்கிற எந்தக் குஞ்சுக்கும் தகப்பன் ஆர் எண்டு நீங்க சொல்ல ஏலாது. பேடு ஒரு தடவை சேவலோட சேந்தா அந்த விந்து அதுக்குள்ள ரெண்டு மூண்டு கிழமை உயிரோட இருக்கும். சேவலை மாத்தினாலோ பிரிச்சு அடைச்சாலோ முழுசா மூண்டு கிழமை போன பிறகு போடுற முட்டைய தான் அடைக்கு எடுக்க வேணும், அதுக்கு முன்னம் போடுறதெல்லாம் ஆம்லட்டுக்கு. சில்கியோட வேற கோழி கலந்தா குஞ்சு அத்தனையும் சாதாரண இறகோட தான் வரும், ஏனெண்டா அந்த பஞ்சு இறகு தாய் தகப்பன் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்தா தான் வெளிய தெரியும், ஆனா சில்கியின்ட அஞ்சு விரல் ஒரு பக்கத்துல இருந்து வந்தாலும் தெரியும். அதால சாதாரண இறகும் அஞ்சு விரலும் உள்ள குஞ்சு ஒண்டு உங்கட கூட்டுல ஓடித்திரிஞ்சா என்ன நடந்திருக்கு எண்டு விளங்கிடும். காலை விரிச்சு எண்ணிப் பாருங்க. இதே மாதிரி தான், சுருள் இறகு ஃப்ரிசில் கோழி வாங்க ஆசை வந்தா, ஃப்ரிசிலுக்கு ஃப்ரிசில் விடாதீங்க, நாலுல ஒரு குஞ்சு இறகு நொறுங்கி விழுந்து மொட்டையா குளிர்ல நடுங்கும், ஒரு பக்கம் நேர் இறகு கோழி போடணும்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்க. ஒவ்வொரு கோழிக்கும் ஒரு பக்கம், கால்ல நிற வளையம், எந்த மாசம் பொரிச்சது, தாய் எது தகப்பன் எது, என்ன தடுப்பூசி எப்ப, என்ன வருத்தம் வந்துச்சு. குஞ்சு வளர வளர வளையத்தை மாத்துங்க, மறந்தா அது காலை வெட்டி உள்ளுக்க போயிடும், பிரம்மா கால்ல இறகு மூடி இருக்கிறதால வெளிய தெரியவும் தெரியாது. இடம் இருந்தா மூண்டு குடும்பமா பிரிச்சு வைச்சு, பேட்டுக் குஞ்சுகள் தாயின்ட கூட்டுலயே நிக்க, சேவல் குஞ்சுகள மட்டும் வருஷா வருஷம் அடுத்த கூட்டுக்கு மாத்திக்கொண்டு போனா, அண்ணன் தங்கச்சி சேராம பல வருஷம் ஓட்டலாம். உங்கட மாடிக்கு மூண்டு இனத்துல மூண்டு குடும்பம் ஏலாது. ஒரு இனத்தை தெரிவு செய்யுங்க எண்டு தான் சொல்லுவன். என்னைக் கேட்டா கொச்சினோ பிரம்மாவோ இல்ல, அந்த தகரக் கூரைக்கு கீழ ஏப்ரல் வெயில்ல அந்தப் பெரிய உடம்பு வாயத் திறந்து இளைக்கிறதை நான் பாத்திருக்கிறன், சேவல் சூட்டுல களைச்சா முட்டை கருக்கட்டாது, நீங்க இன்குபேட்டரை குறை சொல்லிக்கொண்டு இருப்பீங்க. கட்டாயம் பிரம்மா தான் எண்டா தகரத்துக்கு மேல கிடுகு போடுங்க, பின்பக்கத்து இறகை கத்தரிக்கோலால கொஞ்சம் வெட்டி விடுங்க, சேவலுக்கும் பேட்டுக்கும், அந்த அடர்த்தியில விந்து போய் சேருறதே கஷ்டம்.

இன்குபேட்டர் எண்டதும், நீங்க கேக்காட்டியும் ஒண்டு சொல்ல வேணும். "பதினெட்டு நாள் வரைக்கும் குஞ்சு அசையுது, பிறகு உள்ளுக்கயே சாகுது" எண்டு ஒரு வரி எழுதியிருக்கிறீங்க. கொழும்பு காத்துல ஏற்கனவே அவ்வளவு ஈரம் இருக்கு, அதுக்குள்ள முதல் நாள்ல இருந்தே தட்டு நிறைய தண்ணி ஊத்தினா முட்டைக்குள்ள இருக்கிற நீர் ஆவியாக வழியில்ல, முட்டையின்ட அகலமான பக்கத்துல உள்ள காத்தறை சின்னதாவே இருக்கும், குஞ்சு கொத்தி மூச்சு எடுக்கப் போற நேரம் நீருக்குள்ள மூழ்கிடும். சமையலறை தராசு ஒண்டுல முட்டைய நிறுத்து பென்சிலால மேல எழுதுங்க. 60 கிராம் முட்டை 18ம் நாள் கிட்டத்தட்ட 53 கிராமுக்கு வந்திருக்க வேணும். 57ல நிண்டா தண்ணி கூட. அதால முதல் 18 நாளும் தண்ணிய குறைச்சோ ஊத்தாமலோ விட்டு, பிறகு திருப்புறதை நிப்பாட்டி கடைசி மூண்டு நாளைக்கு மட்டும் காத்து ஈரத்தை 65, 70 வீதத்துக்கு ஏத்துங்க. சூடு 37.5 பாகை செல்சியஸ், காத்தாடி உள்ள பெட்டிக்கு. கரண்ட் போனா, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க போன மாதிரி, பெட்டிய திறந்து திறந்து பாக்காம ஒரு போர்வையால மூடி விடுங்க, சில மணித்தியாலம் குளிர்ந்தா குஞ்சு தாங்கும், கூடின சூட்டை தான் தாங்காது.

லண்டன் முட்டை விஷயம். வேணாம். அண்ணாவை இதுக்குள்ள இழுக்காதீங்க. கால்நடை உற்பத்தி சுகாதார திணைக்களத்தின்ட அனுமதி இல்லாம அடை முட்டை நாட்டுக்குள்ள கொண்டு வர ஏலாது, 1992ம் ஆண்டு 59ம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கு. சட்டத்தை விட்டாலும், முட்டை சுத்தமான சாமான் எண்டு நினைக்கிறது பிழை, நான் மேல சொன்ன மைக்கோபிளாஸ்மாவும் புல்லோரமும் தாயில இருந்து முட்டைக்குள்ளாலயே குஞ்சுக்கு வரும். இங்கிலாந்துல பறவைக் காய்ச்சல் வந்து வந்து போற காலம் இது, அந்த நேரத்துல அங்க ஏலம் கண்காட்சி எல்லாத்துக்கும் கட்டுப்பாடு, 2024 ஒக்டோபர் 1ல இருந்து அங்க ஒரே ஒரு கோழி வீட்டுல வளர்த்தாலும் அரசாங்கத்துல பதிய வேணும். அண்ணா சொல்ற ஏலம் அந்த ஒழுங்குக்குள்ள நடக்கிற ஏலம்.

அபூர்வம் எண்ட சொல்லையும் கொஞ்சம் யோசிங்க. 1840களில ஷாங்காய் துறைமுகத்துல இருந்து கப்பல்ல போன பெரிய கோழிகள்ல இருந்து அமெரிக்காவுல உருவாக்கினது தான் பிரம்மா, 1852ல விக்டோரியா ராணிக்கு ஒன்பது கோழி பரிசா அனுப்பினாங்க, அதோட அந்தக் கோழிக்கு விலை பைத்தியம் மாதிரி ஏறிச்சு, சில வருஷத்துல அதே வேகத்துல விழுந்தும் போச்சு, கடைசியா கூட விலைக்கு வாங்கின ஆக்கள் தான் நட்டப்பட்டாங்க. இண்டைக்கு உலகம் முழுக்க பிரம்மா இருக்கு. எங்கட நாட்டுல கழுத்துல இறகில்லாத கிராமத்துக் கோழி, வெயிலுக்கு எண்டே செய்த மாதிரி உடம்பு, அதை ஒழுங்கா இனம் பிரிச்சு கொப்பி எழுதி வளர்க்கிற ஆள் எத்தனை பேர்? எனக்கு அந்தக் கோழி மேல தனி விருப்பம். ஆனா ஏலத்துல ஆராவது காட்டுக்கோழி, காட்டுக்கோழி முட்டை எண்டு காதுக்குள்ள சொன்னா அந்த இடத்தை விட்டு வந்திடுங்க, அது எங்கட தேசியப் பறவை, வன விலங்கு தாவர பாதுகாப்பு சட்டத்துல பாதுகாக்கப்பட்டது.

இனி ஒரு நாள் டெஸ்ட் எல்லாம் சுத்தமா வந்து நீங்க திரும்ப ஏலத்துக்கு போவீங்க, போங்க, நான் ஏலத்துக்கு எதிரி இல்ல. விடிய முதல் வெளிக்கிடுங்க, காத்து போற பெட்டி, ஒரு பெட்டிக்கு ரெண்டுக்கு மேல வேணாம். உங்கட தண்ணிக் கோப்பையையே கொண்டு போங்க, அங்க உள்ளதுல குடிக்க விடாதீங்க. ஒரு கோழிக்கா முழு கூட்டுக்கா விலை கேக்கிறாங்க எண்டு முதல்லயே கேட்டு வைச்சு, இதுக்கு கீழ குடுக்க மாட்டன் எண்டு ஒரு விலையையும் எழுதிக் குடுங்க, அண்டைக்கு கொச்சின் அரை விலைக்கு போனது அது இல்லாததால தான். கூட்டுல ஒரு அட்டை கட்டுங்க, பொரிச்ச மாசம், தாய் தகப்பன் வளைய நிறம், தடுப்பூசி திகதி. கொப்பியையும் கையில வைச்சிருங்க, விஷயம் தெரிஞ்ச ஆள் கோழிய பாக்க முன்னம் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

விலைப்படாம திரும்பி வாற கோழியும், நீங்க அங்க வாங்குற கோழியும் ஒரே மாதிரி தான், ரெண்டும் இப்ப தெரியாத கோழி. முப்பது நாள் கீழ் வீட்டு பின்பக்கத்துல தனிய நிக்க வேணும். அதுக்கு வேற கோப்பை, வேற செருப்பு. காலையில மாடிக் கோழிக்கு தீன் போட்டு முடிச்ச பிறகு கடைசியா தான் அதுக்கு கிட்ட போறது, அங்க போனா பிறகு குளிச்சு உடுப்பு மாத்தாம மாடிக்கு ஏற வேணாம். என்ட சொந்த வீட்டுல, நான் வெட் ஆகி மூண்டாம் வருஷம், அம்மாவுக்கு எண்டு ஒரு பேடு வாங்கி வந்து மழை எண்டு ஒரே ஒரு இரவு மற்றதுகளோட அடைச்சன். அம்மா பதினொரு வருஷமா பேர் வைச்சு வளர்த்த வரிசையில ஒன்பது கோழி ஒரு மாசத்துக்குள்ள போச்சு. அம்மா என்னை ஒண்டும் சொல்லல்ல, கூட்டை கழுவி கவிழ்த்து வைச்சா, அவ்வளவு தான்.

பஞ்சுவுக்கு வருவம். மகளிட்ட சொல்லுங்க, கொல்ல வேணாம். டெஸ்ட்ல ரானிக்கெட் இல்ல, மைக்கோபிளாஸ்மா தான் எண்டு வந்தா, உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, எல்லாத்தையும் முடிச்சு, கூட்டை கழுவி, காயவிட்டு, சில கிழமை வெறுமையா விட்டு, டெஸ்ட் பண்ணின இடத்துல இருந்து புதுசா தொடங்குறது, விக்கிறதுக்கு வளர்க்க வேணும் எண்டா இது தான் ஒரே வழி. மற்றது, இருக்கிறதுகள வீட்டுக் கோழியா சாகும் வரைக்கும் வைச்சிருக்கிறது, உள்ளுக்க புதுசா ஒண்டும் வராது, வெளிய ஒண்டும் போகாது, முட்டை அடை வைக்கிறதில்ல. முதல் வழிய தெரிவு செய்தாலும் பஞ்சு ஒண்டை மட்டும் உங்கட்ட இல்லாம, கோழியே இல்லாத ஒரு சொந்தக்காரர் வீட்டுல, ஒரு துணையோட வைக்கலாம், சில்கி தனிய நிண்டா ஏங்கும், அதால அதே வருத்தம் வந்து தேறின இன்னொண்டையும் சேத்து அனுப்புங்க. மகள் போய் பாக்கலாம், தூக்கலாம், இந்தக் கிருமி ஆக்களுக்கு வராது. வரும்போது கையையும் செருப்பையும் கழுவினா சரி.

சனிக்கிழமை காலையில பஞ்சுவையும் இன்னும் ரெண்டு வருத்தக் கோழியையும் கொண்டு வாங்க, ரத்தம் எடுப்பம். பெட்டிய கிளினிக்குக்குள்ள கொண்டு வராதீங்க, வாசல்ல நிண்டு போன் எடுங்க, நான் வெளிய வாறன். மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க, பிடிக்க ஒரு பழகின கை வேணும்.